மார்லிஸ் வெட்டிய நாற்பது ஏக்கர்

மார்லிஸ் ஹாக்காலா தன் சொந்த நிலத்தில் இடுப்பு வரை மூழ்கினாள். ஜூலை மாதம், நல்ல வெயில். மற்ற வருடங்களில் இதே மாதம் இதே இடத்தில் செருப்போடு நடந்திருக்கிறாள். இப்போது ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை. நாற்பது ஏக்கரிலும் இல்லை. அத்தனையையும் வெட்டச் சொன்னது அவள்தான்.

"என்னடா இது!" என்றாள் நாயிடம். நாய் கரையோடு நின்றுவிட்டது.

மார்லிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. வடக்கு மின்னசோட்டாவின் அந்தக் காட்டுப் பகுதியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். யாருக்குப் பித்தப்பையில் கல், யார் படகை விற்கிறார், யார் கார் மூஸ் மானை இடித்தது என்பதெல்லாம் காலைச் சுற்று முடிவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். மதியத்துக்குள் ஊருக்கும் தெரிந்துவிடும். அவள் ஒன்றைச் சரி என்றால் ஊரில் பாதிப் பேர் அதைச் செய்துவிடுவார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தெற்கிலிருந்து பச்சை வண்டு வந்துகொண்டிருந்தது. ஆஷ் மரத்தின் பட்டைக்குள் புகுந்து, சில வருடங்களில் மரத்தையே கொன்றுவிடும் வண்டு. முன்பெல்லாம் ஜனவரியின் கடுங்குளிரில் அதன் புழுக்கள் விறைத்துச் சாகும். அப்படிப்பட்ட இரவுகள் இப்போது அபூர்வம். அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெரும்பகுதி கறுப்பு ஆஷ்தான். வண்டு தின்பதற்குள் மரத்தை வெட்டி விற்றுவிடலாமா என்று பேச டவுன் ஹாலில் மீன் வறுவலோடு ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்ட வன அலுவலர் கோரின் வந்திருந்தாள். முப்பதைத் தாண்டாத பெண்.

"கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க," என்றாள் கோரின். "இந்த வருஷம் காட்டுல ஒரு நீளத் துண்டு. அதுல வேற ஜாதிக் கன்னு நடுங்க. ரெண்டு மூணு குளிர்காலம் போகட்டும், அப்புறம் அடுத்த துண்டு."

மார்லிஸ் தட்டோடு எழுந்தாள். "பொண்ணே, ரெண்டு மூணு குளிர்காலமா? போன வருஷம் ஒண்ணையே கண்ணுல காணோம். கிறிஸ்துமஸுக்கு மழை கொட்டிச்சு. சதுப்புல தரை கல்லா உறைஞ்சாத்தான் மரம் வெட்டற மெஷின் இறங்கும். இறங்கின வருஷமே மொத்தத்தையும் முடிச்சாத்தான் உண்டு. அடுத்த உறைபனி எப்பன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுப்பீங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் கோரின் விடவில்லை. "மார்லிஸ், அந்த மரங்கதான் தண்ணியைக் குடிக்குது. மொத்தமா எடுத்துட்டா..."

"குடிக்கட்டும்மா. இந்த ஊர்ல யாருதான் குடிக்கல?"

ஹால் அதிரச் சிரித்தது. கோரினின் பாதி வாக்கியம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது.

அந்த ஜனவரியில் அதிசயமாக நல்ல குளிர் விழுந்தது. பனிவண்டியை முன்னும் பின்னும் ஓட்டி, மேல் பனியை நசுக்கி, குளிரைத் தரைக்குள் இறக்கினார்கள். மெஷின் இறங்கியது. இரண்டு வாரத்துக்குள் காடு காலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சித்தப்பா மகன் வெர்லினுடைய நாற்பது ஏக்கர். அவன் ஒரு நாள் வந்து, லாரிகள் போவதைப் பார்த்துத் தலையாட்டினான். அடுத்த குளிர்காலத்துக்குத் தன் காட்டையும் வெட்ட ஒப்பந்தம் போட்டுவிட்டான்.

ஜூலையில் மார்லிஸ் கூப்பிட்டதும் கோரின் மார்பளவு ரப்பர் கால்சட்டையோடு வந்தாள். இருவரும் வேலியோரம் நின்றார்கள்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி, அதானே?" என்றாள் மார்லிஸ்.

கோரின் வேலிக்கு அப்பால் கை காட்டினாள். வெர்லினின் ஆஷ் மரங்கள் நிழல் விரித்து நின்றன. அடியில் காய்ந்த தரை, இடுப்புயரப் பெரணி. அதே சதுப்பு, அதே மழை, நடுவில் ஒரே ஒரு கம்பி. இந்தப் பக்கம் ஏரி.

மார்லிஸ் கம்பியின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். கோடை முழுக்க அத்தனை தண்ணீரையும் வேர் வழியாக இழுத்து இலை வழியாக ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அந்த மரங்கள்தானா? மரத்துக்காகத்தான் இந்த நிலம் என்று ஆயுள் முழுக்க நினைத்திருந்தாளே! மரம் இருந்ததால்தானே இது நிலமாகவே இருந்திருக்கிறது?

"திரும்ப முளைக்குமா?"

"சம்பங்கோரை முளைக்கும்," என்றாள் கோரின். "மரக்கன்னு இந்தத் தண்ணியில நிக்காது. நான் இருக்கிற வரைக்கும் இங்க மரத்தைப் பார்ப்பேனான்னு தெரியல."

ஊர்ச் செய்தி முழுவதையும் சுமந்து திரிந்த மார்லிஸுக்கு இந்தச் செய்தி மட்டும் வாயில் வரவில்லை. வெர்லினுக்குப் போன் போட்டாள். "என் இடத்துல கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு, வெர்லின். நீ வெட்டறதைக் கொஞ்சம் யோசிச்சுக்கோ."

"ஓ... சரி," என்றான் அவன்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஊரில் கூரை பற்றி எரிந்தாலும் 'கொஞ்சம் சூடா இருக்கு' என்பார்கள். அதற்கு மேல் சத்தம் போடுவது அநாகரிகம். கேட்பவன்தான் புரிந்துகொள்ள வேண்டும். வெர்லின் கொஞ்சம் ஈரம் என்றே புரிந்துகொண்டான். அடுத்தவர் காட்டுக்குள் கூப்பிடாமல் போவதும் அங்கே வழக்கமில்லை. ஆகவே அவன் வந்து பார்க்கவும் இல்லை. இலையுதிர்காலத்தில் அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் இன்னொரு 'ஓ, சரி' சொன்னான்.

டிசம்பரில் குளிர் இறங்கியது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் காலிப் பேருந்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள் மார்லிஸ். எதிரே ஒரு நீள லாரி. அதன் முதுகில் மரம் வெட்டும் மெஷின். வெர்லினின் வாசலுக்குத் திரும்ப விளக்குப் போட்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. பேருந்தை வாசலுக்கு நேராக நிறுத்தினாள். சிவப்பு விளக்குகளைப் போட்டாள். பக்கவாட்டிலிருந்து 'நில்' பலகையை நீட்டினாள். அந்தப் பலகை நீண்டுவிட்டால் எந்த வண்டியும் அசையக் கூடாது. சட்டம் அது. லாரி நின்றது. டிரைவர் இறங்கப்போகும் குழந்தையைத் தேடி எட்டிப் பார்த்தான். யாரும் இறங்கவில்லை.

வெர்லின் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான். "மார்லிஸ்! எந்தப் புள்ளையை இறக்குற?"

"இறக்கல. உன்னை ஏத்தப் போறேன். ஏறு."

"பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்."

"போகட்டும். ஏறுடா!"

"வெட்டுன்னு சொன்னதே நீதானே?"

"நான்தான். எனக்கு ஒரு மண்ணும் தெரியல. ஏறு!"

அவள் கத்தி வெர்லின் கேட்டதே இல்லை. கோப்பையோடு ஏறிவிட்டான்.

அவள் நிலம் வெள்ளை வெளேரென்று தட்டையாகக் கிடந்தது. "நல்லாத்தானே உறைஞ்சிருக்கு," என்று அவன் விறுவிறுவென்று உள்ளே நடந்தான். கொஞ்ச தூரம்தான். காலடியில் பனி பிளந்தது. முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். கனமான பனிப்போர்வைக்கு அடியில் அது உறையாமலே கிடந்திருக்கிறது.

வெர்லின் போட்ட கூச்சலில் காக்கைகள் எழும்பின. பிறகு வெளியே வரக்கூட மறந்து அப்படியே நின்றான். நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"கொஞ்சம் ஈரம்னியே, பாவி!"

"சொன்னேன்," என்றாள் மார்லிஸ். அவனை இழுத்துவிடக் கை நீட்டினாள்.

ஈரக் கால்சட்டை விறைத்துத் தகரமாகிவிட, வெர்லின் லாரிக்காரனிடம் போனான். ரோட்டோரம் ஒரு நீளத் துண்டு மட்டும் வெட்டச் சொன்னான். அவ்வளவுக்காக மெஷினை இறக்கினால் கட்டாது என்று லாரிக்காரன் திட்டிக்கொண்டே லாரியைத் திருப்பினான். ஒப்பந்தத்தை முறித்ததற்கு வெர்லின் தண்டம் கட்டினான். பள்ளி நிர்வாகம் மார்லிஸின் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டது. போன் செய்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில் சொன்னாள்: "ஏரி ஆயிடுச்சு. வந்து பாரு." ஊரே கூச்சத்தோடு வந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மே மாதம் வெர்லினின் ஆஷ் மரங்களுக்கு அடியில் அவனும் மார்லிஸும் கோரினும் கன்று நட்டார்கள்: சதுப்பு ஓக், எல்ம், சிடார். மான் கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூண்டு. நடுவில் கோரின் சட்டென்று நின்றாள். ஓர் ஆஷ் மரத்தின் மேல்பகுதியில் மரங்கொத்தி பட்டையைச் செதுக்கியிருந்தது. அங்கே மரம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே புழு இருந்தால்தான் மரங்கொத்தி அப்படிச் செதுக்கும்.

"வண்டு வந்துடுச்சா?" என்றான் வெர்லின்.

கோரின் ஆமென்று தலையசைத்தாள்.

"இதுக்கா விட்டு வெச்சேன்? இதுவும் சாகத்தானே போகுது?"

"சாகும். ஆனா ஒரே ஜனவரியில சாகாது," என்றாள் கோரின். "இன்னும் சில வருஷம் தண்ணியைக் குடிக்கும். அதுக்குள்ள இந்தக் கன்னு தலை எடுத்தா தப்பிச்சோம்."

"எடுக்குமா?"

"தெரியாது."

மார்லிஸ் அந்த வெளிறிய பட்டையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டியிட்டு, அடுத்த குழிக்கு மண்ணைக் கிளறினாள். வேலிக்கு இந்தப் பக்கம் மண் காய்ந்து, கைக்குள் உதிர்ந்தது.