வெண்ணெய் உருண்டையும் கனடா விசாவும்

கனடாவுக்குப் போக எனக்கு ஒரு தகுதி தேவைப்பட்டது. நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய வாய்வார்த்தை தூதரகத்தில் செல்லாதாம்.

அண்ணனும் அக்காவும் அங்கே ஒரே ஊரில் இருந்தார்கள். அண்ணன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். அக்கா கல்யாணமாகி அத்தானோடு போனவள். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போன பிறகு செங்கல்பட்டில் மிஞ்சியது நானும், சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய என் வலது காலும், அக்குளில் வைத்து நடக்கும் கட்டையும்தான். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஸ்டேஷன் பக்கம் ஓர் எஸ்.டி.டி. பூத் கிடைத்திருந்தது. அதில் வருவது மெஸ் சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும். வீட்டு வாடகை அண்ணன் உபயம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா அந்த பூத்துக்கே போன் போட்டு, ஊர் வம்பு முழுவதையும் கேட்ட பிறகுதான் வைப்பாள்.

வயது வந்த தம்பியைக் கூடப் பிறந்தவர்கள் அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. மனைவி, பிள்ளை, பெற்றோர் என்றால் உண்டு. தம்பி என்றால் பதினெட்டு வயதுக்குள் அநாதையாகியிருக்க வேண்டும். எனக்கோ முப்பத்தாறு. அம்மா கொஞ்சம் தாமதமாகச் செத்துவிட்டாள்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது என்று அங்கே ஒரு வக்கீல் அண்ணனிடம் சொல்லியிருந்தார். கல்யாணமாகாதவன், ஊரில் நெருங்கிய உறவு யாரும் இல்லாதவன், உடம்பாலும் காசாலும் அண்ணன் அக்காவையே நம்பிக் கிடப்பவன் என்று காட்டினால், மனிதாபிமான அடிப்படையில் யோசிப்பார்களாம்.

"நீ எதுவும் பெருசாச் செய்யற மாதிரி காட்டிக்காதடா," என்று அண்ணன் போனில் பாடம் எடுத்தான்.

"எப்ப காட்டிக்கினேன்?" என்றேன்.

எனக்குப் போக ஆசைதான். பனியும் மண்ணாங்கட்டியும் யாருக்கு வேண்டும்? அக்காவைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது. அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவளை வம்புக்கு இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மனுப் போட்டுச் சில மாதங்கள் கழித்து, என் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் போட்டோக்கள் கேட்டார்கள். நேரமில்லை, நீயே எடுத்து நேராக டெல்லி தூதரகத்துக்கு அனுப்பிவிடு என்றான் அண்ணன்.

எங்கள் பக்கம் ஃபாரினுக்குப் போட்டோ அனுப்ப ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். அடுத்தவன் வண்டியில் சாய வேண்டும். பார்ப்பவர்கள் நம்மை நினைத்துக் கவலைப்படவும் கூடாது, இளக்காரமாகப் பேசவும் கூடாது. என்னை எடுக்கும்போது கூடுதலாக ஒரு வேலை இருக்கும். கட்டையை யாராவது வாங்கி, படத்தில் விழாதபடி ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். அம்மா இருந்தவரை அவள்தான் வாங்குவாள்.

பூத்துக்கு அடுத்த கடை போட்டோ ஸ்டுடியோ. விஷயத்தைச் சொன்னதும் ஸ்டுடியோக்காரன் துள்ளி எழுந்தான்.

"அண்ணாத்த, கனடா கவர்மெண்டே பாக்கப்போவுது. இந்த ஓட்டை பூத்துலயா எடுப்ப? நம்ம ஊரு மானம் இன்னா ஆவுறது? மாபலிபுரம் போலாம் வா."

"அன்னாடம் எப்பிடி கீறேன்னு கேட்டுகிறாங்கப்பா."

"அன்னாடம் மாபலிபுரம் போறன்னு நெனச்சிக்கட்டும். உனுக்கு இன்னா நஷ்டம்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. அவன் ஸ்கூட்டரில் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா முடித்தோம். கடற்கரையில் தன் கூலிங்கிளாஸை எனக்கு மாட்டிவிட்டு, ஸ்கூட்டரில் முன்னால் உட்கார வைத்து ஒன்று எடுத்தான். பிறகு என்னைத் தூக்காத குறையாகச் சரிவில் ஏற்றி, வெண்ணெய் உருண்டைப் பாறையிடம் கொண்டுபோனான். அந்தப் பாறையைக் கையால் தாங்குவது போல் நிற்காமல் அங்கிருந்து யார்தான் திரும்பியிருக்கிறார்கள்? கட்டையை வாங்கி ஒளித்துவிட்டு, என் கையைப் பாறையில் ஊன்ற வைத்தான். நிஜத்தில் பாறைதான் என்னைத் தாங்கியது. படத்தில் நான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

பிரிண்ட் வந்ததும் பார்த்தேன். ஜம்மென்று இருந்தேன். பெருமையோடு டெல்லிக்கு அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவுக்குப் பதில் அண்ணன் வந்தான்.

"இன்னாடா போட்டோ அனுப்பின?"

"ஏன், நல்லா இல்லியா?"

"ஒத்தைக் கையால மலையத் தூக்கிகினு நிக்கிற! வண்டி ஓட்டுறாரு, உடம்புக்கு முடியாதவருன்னு நிரூபணம் இல்லைன்னு எழுதி மனுவத் தள்ளிட்டானுங்க!"

"அந்தப் பாறை எத்தினி ராஜா காலமா தானாவே நிக்குதுன்னு எடுத்துச் சொல்லேன்."

"யார்கிட்ட சொல்றது? எல்லாம் முடிஞ்சிபோச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று மலையைத் தாங்குகிற ஆளை வேண்டாம் என்றால் நஷ்டம் கனடாவுக்குத்தான் என்றேன். அவன் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டான்.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மெஸ் கீது, பூத் கீது, வம்படிக்க இந்த போட்டோக்காரன் கீறான். என்னைப் பத்திக் கவலப்படாத."

"உன்னைப் பத்தி யார்டா கவலப்பட்டா?" என்றாள்.

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அவரு காலைல போனா ராத்திரிதான். அண்ணன் எப்பனா தலையக் காட்டுவான். வாரம் பூரா ஒரு ஆள்கிட்ட வாயத் தொறந்து பேசறதில்லடா நான். ஞாயித்துக்கிழமை வந்தா உனக்குப் போன் போடலாம்னு உயிரைக் கையில பிடிச்சிகினு கீறேன். நீ வந்துட்டா பொழச்சிக்குவேன்னு இருந்தேன்."

போன் பேச வெளியே காத்திருந்தவர் பூத் கண்ணாடியைத் தட்டினார். தட்டட்டும் என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா," என்றேன் ஒருவழியாக. "அங்க கீற அக்கா இங்க கீற தம்பிய நம்பி இருந்தா, அதுக்கு சட்டத்துல எதனா வழி கீதான்னு அண்ணனைக் கேளு."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனிடம் நிஜமாகவே கேட்டாள்.

"இல்லியாம்டா," என்றாள்.