ஆடி வெள்ளியில் அம்மாவின் கேக்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புறாக்குஞ்சு முதல் உடைந்த கம்ப்யூட்டர் வரை விற்காத பொருள் கிடையாது. அப்படிப்பட்ட சந்தையிலும் விலைபோகாத ஒன்றை நாங்கள் ஒருமுறை கொண்டுபோனோம்.

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அம்மாவின் கேக்தான். அதையே தொழிலாகச் செய்ய அவளுக்கு ஆசை. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் உட்காருவதா என்று அத்தா பிடிகொடுக்காமலே இருந்தார். திடீரென்று ஒருநாள் மனமிறங்கி, "வர்ற வெள்ளி போய்ப் பாரு. வித்தா தொடர்ந்து செய். விக்கலைன்னா கேக் அடுப்பை என் தங்கச்சிக்குக் குடுத்துட்டு, இந்தப் பேச்சையே விட்டுடணும்" என்றார். அவர் முட்டைக்கடை வைத்திருந்தார். கடை விஷயத்தை வீட்டில் பேசும் வழக்கம் இல்லை. கேக்குக்கான முட்டைகளைக்கூட அவரே கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தையில் பழைய பாத்திரம் விற்கும் ஒரு அக்கா பக்கத்தில் இடம் கிடைத்தது. வாசனைக்கே பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "முட்டை போட்டதா?" அதைத் தரம் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டு, "நிறைய போட்டிருக்கு!" என்று நான் பெருமையாகக் கூவினேன். வந்தவர்கள் அப்படியே நகர்ந்தார்கள்.

பாத்திரக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, ஆடி வெள்ளில முட்டை கேக்கை எடுத்துகினு வந்து குந்திகினு கீறே? எல்லாம் அம்மனுக்கு விரதம். முட்டை இல்லேன்னு சொல்லு, வித்துடும்."

எங்களுக்கு ஆடி என்றால் ஜவுளிக்கடைத் தள்ளுபடி, அவ்வளவுதான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்து வந்த பெண்ணின் நெற்றியில் பெரிய குங்குமம். அவள் கேட்டதும் அம்மா என்னை முந்திக்கொண்டு, "முட்டை இருக்குக்கா" என்றாள். பாத்திரக்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவங்க விரதத்தைக் கெடுத்துட்டு நான் கடை நடத்தணுமா?" என்றாள் அம்மா.

ஜும்மா தொழுகை முடிந்து அத்தா வந்தார். குறையாத தட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஆடி வெள்ளியில முட்டையை எவன் தொடுவான்? என் கடையிலயே வருஷா வருஷம் ஈ ஓட்டுறேன்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே கேக் அடுப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

என்னோடுகூட அவள் ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து மிச்சக் கேக்கைத் தின்றபடி, கேட்காமலே அத்தனை முட்டை கொடுத்த அத்தா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.