கடை போட்ட அன்னைக்கு

இலஞ்சியில் தமிழ் வழியில் படித்தே மருத்துவக் கல்லூரியில் இடம். பொம்பளைப் பிள்ளைக்கு எம்.டி. எதற்கு என்ற உறவுக்காரர்களை மீறி ரேடியாலஜிப் பட்டம். சிறந்த ஆசிரியைக்கான கேடயங்கள் மூன்று. போன ஜூலையில், ஆண்களே நின்று ஜெயித்துவந்த ஸ்கேன் மருத்துவர்கள் சங்கத்தில் தலைவர் பதவி. இவ்வளவும் வாங்கிய என் தங்கை வடிவாம்பாள், கேடயம் ஒன்றின் மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டு, பயிற்சிக்கு வந்த டாக்டர் ஷெர்லினைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் ஜெல் தடவுகிறாள்.

“குளுருதா?”

“ஐயோ, மேடம்!”

“வாரவளுக்கும் அப்படித்தான் இருக்கும். கையில தேச்சு, சூடாக்கிட்டு வை.”

பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாள் பாடம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்குளம், செங்கோட்டையிலிருந்து டாக்டர்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். கடற்பாசி காய்ச்சி, உள்ளே திராட்சை போட்டு உறையவைத்துக் கொடுப்பதும், மற்ற நாளில் சீட்டுப் போடுவதும் என் வேலை. திராட்சையைக் கட்டியாக நினைத்து மெஷினில் தேடுவார்கள். “யாரும் தின்னுறாதீய, எங்க அக்கா சீனி போடல” என்பாள் வடிவு. ஸ்கேன் கருவியின் வயரைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டுதான் ஸ்கேன் செய்வாள்.

தலைவரானதும் அவள் ஒரு சுற்றறிக்கை எழுதினாள். கருவுக்குத் துடிப்பில்லை என்று முதல் ஸ்கேனிலேயே யாரும் முடிவு எழுதக் கூடாது. சில நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று. செயலாளர் வேல்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. “நம்ம பார்வையில நமக்கே சந்தேகம்னு ஊர் பேசும் மேடம்” என்றார். வந்த உடனே சண்டை வேண்டாமென்று கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அச்சன்புதூரிலிருந்து சமீனா, மாமியார் ஆசியாவோடு வந்தாள். எட்டு வருடம் கழித்து உண்டான கரு. புருஷன் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பழக்கடை போடுகிறவர். ஷெர்லின் பார்த்துவிட்டு ஒன்பது வாரம், துடிப்பில்லை என்று அறிக்கை அடித்துக் கொண்டுவந்தாள்.

“கழுவி விட்ரணுமாம்மா?” என்று ஆசியா கேட்டாள். சமீனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வடிவு பேனா மூடியைத் திறக்கவில்லை. “ஏட்டி, அழாத. கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்ப?”

“சாரல் விழுந்தப்போ, டாக்டரம்மா. இந்தம்மாட்டயும் அதத்தான் சொன்னேன்.”

ஷெர்லின் தூத்துக்குடிக்காரி, இந்தப் பக்கத்துச் சாரல் தெரியாது. “ஜூன் தொடக்கத்துலதான மேடம் அருவியில தண்ணி விழுந்துச்சு? அதை வச்சுத்தான் கணக்குப் போட்டேன்.”

“அது கோடை மழைத் தண்ணில்லா! சாரல்னா காத்தும் தூத்தலும் சேந்து வரணும்.” வடிவு சமீனாவிடம் திரும்பினாள். “குத்தாலத்துல ஒம் மாப்பிள்ளை பழக்கடை எப்பட்டி போட்டாரு?”

“ஜூலை மொத வாரம். கடை போட்ட அன்னைக்குத்தான் நான் வீட்டுக்கு விலக்கு.”

“அப்ப அஞ்சு வாரந்தான். இப்ப துடிப்பு தெரியாது. உண்டா இல்லையான்னு நான் இன்னைக்குச் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வா.”

அந்த இரண்டு வாரமும் ஆசியா தினமும் எனக்குப் போன் செய்தாள். வரவேண்டிய தேதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வடிவு சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

மறுபடி வந்தபோது வடிவே பார்த்தாள். கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பிறகு திரையைச் சமீனா பக்கம் திருப்பினாள். அரிசிமணி போல ஒன்று மினுக்மினுக்கென்றது.

“இதுதானாம்மா?” என்றாள் சமீனா.

“இதேதான். ஒங்க ரம்புட்டான் கொட்டையைவிடச் சிறுசு. ஆனா ஆட்டத்தப் பாரு!”

ஆசியா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீரும் வந்தது.

அவர்கள் போனதும் வடிவு சுற்றறிக்கையை எடுத்தாள். ‘தேதியை வாய்விட்டு இரண்டு முறை கேட்கவும்’ என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். விரலில் ஒட்டியிருந்த ஜெல்லைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். தலைவர் என்று போட்டு அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட தேதி: 24 ஆகஸ்ட் 2023.