புள்ளி வைக்காத பக்கங்கள்

புள்ளியக்கா எங்கள் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் திருத்துகிறார். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பெயர் அப்படி வந்தது. கடிதம் தட்டச்சு செய்கிற என் மேசை அவருக்கு அடுத்தது. அங்கே நடப்பதெல்லாம் என் காதில் விழும். விழாவிட்டால் காதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வேன்.

அக்காவுக்கு அநியாயம் என்றால் ஆகவே ஆகாது. பேருந்து வரிசையில் யாரோ யாரையோ முந்தினால்கூட இவர் சண்டைக்குப் போவார். எங்களிடம் அடிக்கடி மறுபதிப்பாகும் பழைய நாவல் ஒன்று உண்டு. கடிகாரம் திருடியதாக ஒரு சமையல்காரர்மேல் பழி விழும். எடுக்காத பொருளுக்காகப் பதினாறு வருஷம் சிறையில் கிடப்பார். ஒவ்வொரு பதிப்பும் அக்காவின் கைக்குத்தான் வரும். "அந்த நீதிபதி மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று பல்லைக் கடிப்பார். அவருக்கு அந்த நாவல் மனப்பாடம் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

போன திங்கட்கிழமை காலை ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். புதிய பதிப்பில், நீதிமன்ற அத்தியாயத்தில், ஒரே பக்கம் இரண்டு தடவை வந்திருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தைக் காணோம். மூவாயிரம் பிரதி அச்சாகிவிட்டது.

முதலாளி தாம்தூம் என்று குதித்தார். "நம்ம புரூஃப் அம்மா கண்ணுக்கு இது தப்பியிருக்காது. அவங்க கையெழுத்துப் போட்டப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க."

கையெழுத்தான பக்கத்தைத் தொடுவது எங்கள் இடத்தில் கொலைக்குற்றம் மாதிரி. தொடக்கூடிய ஆள் ஒருவர்தான்: கணினியில் பக்கம் அமைப்பவர், பாதி நரைத்த தலை, அதிர்ந்து பேசாத மனிதர். வியாழக்கிழமைக்குமேல் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லியாயிற்று. கையெழுத்தான புரூஃபைக் கொண்டுவரச் சொல்லி அக்காவுக்கும் ஆள் வந்தது.

அக்கா தன் அலமாரியைத் திறந்தார். அந்தப் புரூஃப் தாள்கட்டை எடுத்தார். நடுவில் புரட்டினார். முகம் வெளுத்துப்போயிற்று. கட்டை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தேடிட்டிருக்கேன்னு சொல்லு" என்றார் வந்தவரிடம்.

அதை நானும் பார்த்தேன்.

செவ்வாயன்று அக்கா சாப்பிடவில்லை. புதனன்று ஒரே பத்தியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சத்தம் கேட்டாலே கை பைக்குப் போனது. இன்று சொல்லிவிடுவார், இதோ எழுந்துவிட்டார் என்று ஒவ்வொரு மணி நேரமும் எதிர்பார்த்தேன். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தார்.

வியாழன் மதியம் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். வேலைநீக்கக் கடிதத்தை அவர் சொல்லச்சொல்ல நான் எழுத வேண்டும். பக்கம் அமைப்பவர் எதிரே நின்றார். அக்காவை, ஒப்புக்கு, சாட்சி என்று உட்காரவைத்திருந்தார்கள்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றார் முதலாளி.

"நான் தொட்டதா எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஆனா அக்கா பார்த்த பக்கத்துல தப்பு இருக்காது. அப்ப என் கையிலதான் ஏதோ நடந்திருக்கணும்."

நான் 'நம்பிக்கைத் துரோகம்' என்ற வார்த்தையில் பாதி எழுதியிருந்தேன். அக்கா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து கட்டை மேசைமேல் போட்டார்.

"இவர் எதையும் தொடல. பாருங்க, ரெட்டைப் பக்கம் இதுலயே இருக்கு. கடைசியில என் கையெழுத்தும் இருக்கு."

முதலாளி புரட்டினார். நீதிமன்ற அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

"என்னம்மா இது? உங்களுக்கு மனப்பாடமாச்சே! விட்டுப்போன பக்கத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"அந்த அத்தியாயத்த நான் ஒரு தடவகூடப் படிச்சதில்ல. அந்த மனுஷனக் கூண்டுல நிக்கவச்சுக் கேள்வி கேட்க ஆரம்பிச்சதும் எனக்கு நெஞ்ச அடைச்சிடும். தள்ளிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடுவேன். எந்தப் பதிப்புலயும் படிக்கல."

முதலாளி என் கையிலிருந்த தாளை வாங்கிக் கிழித்தார். "உங்க கதைய நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் அக்காவிடம்.

பக்கம் அமைப்பவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேருந்துக்கா தெரியும்?"

"திங்கக்கிழமையிலேருந்து தம்பி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, அடுத்த மேசைக்காரி என்பதாலோ என்னவோ, மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து பேனாவுக்கு மூடி தேடினேன்.