இரண்டாவது சென்சார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். மாமா இருபது வருஷ மெக்கானிக். பேய் என்று யாராவது வாயெடுத்தால் சிரித்தே விரட்டிவிடுவார். இப்போது சிரிப்பதில்லை. மழை நாளில் ஷெட் ஷட்டரில் யாரையும் கைவைக்கவும் விடுவதில்லை.

அந்தக் கார் ஒரு டீச்சருடையது. பழைய வண்டியாக வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று திங்கட்கிழமை கொண்டுவந்தார். மாமா ஸ்கேனரை மாட்டினார். P0137 என்று காட்டியது. சைலன்சர் குழாயில் இருக்கிற இரண்டாவது சென்சாரில் ஏதோ தகராறு என்று அர்த்தம். அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த எண்ணை அழித்துவிட்டு, ஒன்றுமில்லை, ஓட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை விளக்கு மறுபடி எரிந்தது. வண்டியை விட்டுப் போகும்போது டீச்சர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். பின் சீட்டில் உட்காரும் மகளுக்குத் தினமும் தலைவலியாம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிடுகிறாளாம். மாமாவுக்குச் சுருக்கென்றது. புகை வண்டிக்குள் ஏறுகிறதோ?

மதியம் 2.40. மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்ததால் ஷட்டரைப் பாதி இறக்கினார். எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரைப் பார்த்தார். அந்த சென்சாருக்கான கோடு திரையில் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். அது மெல்ல ஏறியது... மெல்ல இறங்கியது.

2.55. எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். சாவியை எடுத்துவிட்டால் கோடு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஏறியது... இறங்கியது. தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி.

சென்சார் வயரையே கழற்றினார்.

ஏறியது... இறங்கியது.

அப்போதுதான் முன் சீட்டுக் கண்ணாடியைக் கவனித்தார். உட்புறம், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்திருந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. கோடு ஏறும்போதெல்லாம்.

வண்டிக்குள் யாரும் இல்லை.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு பின் கதவைத் திறந்தார். கால்மிதியைத் தூக்கினார். வண்டித் தரையின் ஓட்டையை அடைக்கிற ரப்பர் மூடி கிழிந்து கிடந்தது. புகை ஏறுகிற வழி அதுதான். தலை கனத்தது. கொஞ்சம் உட்காரலாம் போலிருந்தது.

உட்கார்ந்தார்.

கதவு சாத்திக்கொண்டது. டப்.

வெளியே ஷட்டர் இறங்கியது. கர்ர்ர்...

எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

எழ நினைத்தார். கை கால் வரவில்லை.

பிறகு... ஹாரன்.

விடாமல்.

3.25-க்கு அக்கா ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினாள். பின்னாலிருக்கும் வீட்டுச் சமையலறை வரைக்கும் ஹாரன் கேட்டிருக்கிறது. மாமா பின் சீட்டில் சரிந்து கிடந்தார். ஸ்டியரிங் பக்கம் யாரும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை வண்டியைத் தூக்கிப் பார்த்தார். சென்சாருக்கு முன்னால் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதன் மேல் பிரிந்துபோன ஒரு பழைய ஒட்டு. யாரோ ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். டீச்சர் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. மகளின் தலைவலியும் அதோடு போய்விட்டது.

மாமாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. டீச்சரிடம் நம்பர் வாங்கி, வண்டியை விற்றவரைக் கூப்பிட்டார். குழாயில் ஒட்டுப் போட்டது எப்போது என்று மட்டும்தான் கேட்டார். வேறு எதுவுமே சொல்லவில்லை.

அவர் திருப்பி ஒன்று கேட்டார்.

"ஹாரன் அடிச்சுதா?"

ஆமாம் என்றார் மாமா.

பிறகு விற்றவர் தானாகவே சொன்னார். அவருடைய மனைவிக்குப் பிறவியிலேயே பேச்சு வராதாம். வண்டியில் இருந்தால் ஹாரனை அடித்துத்தான் அவரைக் கூப்பிடுவாளாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கட்டிடத்துக்கு அடியிலிருந்த கார் நிறுத்தத்தில், ஏசியைப் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டு மேலே ஒரு வேலையாகப் போயிருக்கிறார்.

"கேட்டுச்சுங்க. ரொம்ப நேரம் அடிச்சா. சும்மா அவசரப்படுத்துறான்னு நினைச்சு... நான் இறங்கிப் போகலை."