கூக்லா, கையை நீட்டுங்க

எங்கள் நேரலைத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்த வாராவாரம் வரும் நட்சத்திர விருந்தினர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், முதலில் கீழ்ப்படியக் கற்றுக்கொள்வது உடை மாற்றிவிடும் ஃபொட்டினியிடம்தான். இயக்குநரோடு அவர் வாதாடலாம். எழுதியவர்களிடம் சொல்லி வரிகளை வெட்டலாம். ஆனால் அரங்கத்துக்குப் பின்னால், கறுப்புத் துணி தொங்கவிட்ட ஆளுயரக் கூண்டுக்குள் வந்துவிட்டால் ஒரே சட்டம்தான்.

"கூக்லா, கையை நீட்டுங்க. எனக்கு உதவாதீங்க."

கூக்லா என்றால் அவளுடைய கிரேக்க மொழியில் பொம்மை. செல்லமே என்று கொஞ்சவும் அதே சொல்தான். ஆண்களைக் கொஞ்சுவதானால் சொல்லின் வால் மாறவேண்டும் என்று அவளுடைய அண்ணன் பலமுறை திருத்தியிருக்கிறார். அவள் மாற்றவில்லை. பாடகி, குத்துச்சண்டைக்காரர், விருது வாங்கிய நடிகர், எல்லோரும் கூக்லாதான். தங்களைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்து அவர்கள் சிரிப்பார்கள். அவளோ பொம்மையாக நில்லுங்கள் என்று உத்தரவு போட்டிருப்பாள்.

உத்தரவுக்குக் காரணம் உண்டு. விளம்பரம் ஓடி முடிவதற்குள் தொடக்க உரைக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி, அடுத்த குறுநாடகத்துக்கான வேடத்தைப் போட்டு ஆளை வெளியே தள்ளவேண்டும். மேல் உடம்பு ஃபொட்டினிக்கு. முழங்காலிட்டுக் காலணி மாட்டுவது எனக்கு. எங்கள் உடைப் பிரிவின் தலைவி கார்லீன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நேரம் சொல்லுவாள். நட்சத்திரம் நல்ல மனதோடு தன் பொத்தானைத் தானே போட முனைந்தால், அவர் கையும் ஃபொட்டினியின் கையும் முட்டிக்கொள்ளும். ஒரு பாடகி அப்படித்தான் தன் ஜிப்பைத் தானே இழுத்து, அது பாதியில் கடித்துக்கொள்ள, முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரி நடந்தே ஒரு காட்சி முழுவதையும் முடித்தாள்.

ஃபொட்டினி நியூயார்க்கில் கிரேக்கர்கள் நிறைந்த அஸ்டோரியாவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாண உடை தைக்கும் கடையில் அம்மாவோடு உட்கார்ந்து ஊசி பிடித்தவள், இளவயதிலேயே இந்த அரங்குக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்தால் ஞாயிறு காலை நேராகத் தேவாலயம் போய், மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள். கணவர் ஸ்டெலியோஸ் இறந்த வாரத்தில்கூட வேலைக்கு வந்தாள். "வீட்டுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. இங்க இருட்டு, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

அவள் இந்த நிகழ்ச்சியை ஒருநாளும் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. கேட்பது மட்டும்தான். அரங்கின் பலகைச் சுவருக்குப் பின்னால் நின்றபடி, சிரிப்பைக் கொண்டே என்ன நடக்கிறது என்று சொல்லுவாள். இது வசனத்துக்கு வந்த சிரிப்பு, இது விக்குக்கு வந்த சிரிப்பு, இது பாவம் பார்த்துச் சிரிப்பது. பெரும்பாலும் தவறாது.

சென்ற குளிர்காலத்தில் அவளுடைய வலதுகை நடுங்கத் தொடங்கியது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னாராம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அதுவும் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கீரை அடைத்த கிரேக்கப் பணியாரத்தைப் பாதியாகப் பிய்த்து நீட்டிக்கொண்டே.

"நடுங்குதுன்னு சொல்லாத. கை யோசிக்குதுன்னு சொல்லு."

"கார்லீன்கிட்ட சொல்ல வேண்டாமா, ஃபொட்டினி?"

"சொன்னா? நல்லா பூங்கொத்து குடுத்து, கேக் வெட்டி, வீட்டுக்கு அனுப்புவா. அந்தக் கூண்டுக்குள்ள நானும் ஒரு ஆளு, கூக்லா. வெளிய வந்தா நாலாவது மாடியில இருக்கற ஒரு விதவை, அவ்வளவுதான்."

எனக்கு இரண்டு பக்கமும் பயம். சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் என்றாவது யாருக்காவது ஊசி ஏறும். பணியாரத்தைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில் டெஸ்மண்ட் ராலி நடத்த வந்தார். முப்பது வருடமாகப் படங்களில் போலீஸ்காரராகவே முறைத்துக்கொண்டிருந்த மனிதர். நகைச்சுவை அவருக்குப் புதிது. வாரம் முழுவதும் ஒத்திகையில் வியர்த்துக்கொண்டிருந்தார். முதல் குறுநாடகத்தில் அவர் ஒரு சாவு வீட்டில் இரங்கல் பேசவேண்டும். செத்தவரைப் புகழ்ந்து ஒவ்வொரு பொய் சொல்லும்போதும் புழுங்கிப்போய்க் கோட்டின் ஒரு பொத்தானைக் கழற்றவேண்டும். அதனால் பொத்தான்கள் நிஜமானவையாக இருக்கவேண்டியிருந்தது. வழக்கமாக வெறும் அலங்காரத்துக்குத்தான் பொத்தான் தைப்போம், உள்ளே அழுத்துப்பட்டன் இருக்கும்.

மாலையில் நடந்த முழு ஒத்திகையில் எல்லாம் சரியாக நடந்தது. நேரலையில் கை யோசித்தது.

நான் கீழிருந்து பார்த்தேன். கார்லீன் திரையை விலக்கி மேடை ஆளுக்குச் சைகை காட்டத் திரும்பியிருந்தாள். விளக்கு பாதிதான் விழுந்தது. ஃபொட்டினியின் விரல் முதல் துளையைத் தேடியது, கிடைக்கவில்லை, அடுத்த துளையில் நுழைந்தது. அதற்குக் கீழே எல்லாமே ஒன்று தள்ளிப்போயின. ராலி குனிந்து பார்த்துவிட்டார். அவருடைய கை மேலே எழுந்தது.

"உதவாதீங்க."

அவர் கையை இறக்கிக்கொண்டார். கார்லீன் அவரைத் தோளில் தொட்டு வெளியே தள்ளினாள்.

அவர் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். வாய் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வெடித்தது. அந்த அரங்கில் நான் கேட்ட சிரிப்புகளில் அது பெரியது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஃபொட்டினி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அவர் இன்னும் பேசவே இல்ல."

நான் பலகை இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன்.

"எதையோ பாத்துச் சிரிக்கறாங்க. என்னத்த?"

"கோட்டு," என்றேன். "பொத்தான் மாறிப்போச்சு."

அவள் தன் வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. கோணலாகத் தொங்கிய கோட்டோடு ராலி அழத் தெரியாமல் அழுதார். அந்த வாரம் முழுவதும் வராத நகைச்சுவை அவருக்கு அப்போது வந்தது.

அந்தக் காட்சி முடிந்து அவர் வந்ததும் கார்லீன் பிடித்துக்கொண்டாள். "அடேயப்பா, யாரு செஞ்ச வேலை அது? மேல இயக்குநர் அறையில எல்லாரும் குதிக்கறாங்க. அருமையா இருக்குதாம்."

ராலி ஃபொட்டினியைப் பார்க்காமல் சொன்னார்: "நான்தான். கை சும்மா இருக்கல. பொத்தான நானே போட்டேன், தப்பாப் போச்சு. மன்னிச்சுடுங்க."

"இந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியும் உதவுனீங்களா? வெளங்கிடும்" என்று சிரித்தாள் கார்லீன்.

அவ்வளவுதான். அதோடு முடிந்திருக்கலாம். மே மாதம் நிகழ்ச்சியின் இந்தப் பருவம் முடியும்வரை ஃபொட்டினி கூண்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம். நான் மனதுக்குள் அந்த மனிதரைக் கும்பிட்டேன்.

இன்னும் ஒரு வேடம் பாக்கி இருந்தது. கடைசிக் குறுநாடகத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடும் பெண்மணி. தலைத்துணியை நெற்றி ஓரத்தில், கண்ணுக்குப் பக்கத்தில், ஊசியால் குத்தி நிறுத்தவேண்டும். ஊசிகள் ஃபொட்டினி மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் வரிசையாக நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது கார்லீனிடம் போனாள்.

"அந்தாளு பொய் சொல்றாரு. பொத்தான் போட்டது நான்."

"சரி விடு, நல்லாத்தான வந்துச்சு?"

"என் கை தப்பிடுச்சுடி. பனிக்காலத்துல இருந்தே தப்புது. இதோ பாரு." கையை நீட்டினாள். யாரையும் நீட்டச் சொல்கிற அதே விதமாக.

கார்லீன் பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஏண்டி இப்ப சொல்ற?"

"பொத்தான் தப்பினா சிரிப்பாங்க. ஊசி தப்பினா?" பஞ்சைக் கழற்றி கார்லீனின் மணிக்கட்டில் தானே கட்டினாள். முடிச்சு விழ நேரம் எடுத்தது. கார்லீன் உதவவில்லை. "நீ குத்து. நான் விளக்கு பிடிக்கறேன்."

விளம்பரம் தொடங்கியது. ராலி ஓடிவந்து கூண்டுக்குள் நின்றார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் காலணியைப் பிடித்தேன். ஃபொட்டினி விளக்கைப் போட்டாள்.

வெளிச்சம் அவருடைய நெற்றியில் நடுங்கியது. கறுப்புத் துணியெல்லாம் நடுங்கியது. அன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த நடுக்கம், இப்போது மறைக்க இடமே இல்லாமல் எல்லோர் மேலும் விழுந்தது. கார்லீனின் ஊசி காற்றில் நின்றது. ராலியின் கை விளக்கை நோக்கி எழத் துடித்தது. பிறகு அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கண்ணை மூடி, பொம்மையாக நின்றார்.

ஃபொட்டினி ஓர் அடி பின்வாங்கி, விளக்கு பிடித்த மணிக்கட்டை என் தோளில் ஊன்றினாள். முழு பாரத்தையும் வைத்தாள். வெளிச்சம் நின்றது.

கார்லீன் ஊசியை ஏற்றினாள்.

"அசையாத, கூக்லா," என்றாள் ஃபொட்டினி. அவரிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமே அசையவில்லை.