டீசல் வண்டிக்கு நான் ஊற்றிய பெட்ரோல்

என் மருமகள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது, அவளை ஏற்றிப்போன டாக்சி மேரு ரோட்டில் செத்து நின்றது. அதைச் சாகடித்தவள் நான். மாரியம்மன் சன்னதிக்கு வருகிற தாய்மார்களே, நம் கோவில் மலருக்கு இதை எழுதுகிறவளும் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷம் படித்த தமிழ். எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதுகிறேன். எழுதித் தர வீட்டில் ஆள் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் செய்ததை இன்னொரு கை எழுத வேண்டாம்.

எண்பத்தாறாம் வருஷம், ஆயுத பூசைக்கு மறுநாள். எங்கள் வீடு கிள்ளான் பக்கத்து மேருவில். என் மகன் குணா கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் டாக்சி ஓட்டினான். டீசலில் ஓடும் பழைய பெரிய வண்டி. புருஷன் போன பிறகு, ரப்பர் மரம் சீவி நான் வளர்த்த ஒரே பிள்ளை அவன். அந்த வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நான் நடந்து போனால் குழாயடியில் பெண்கள் குரலை இறக்கிக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் வசந்தா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். ஐந்தாம் பாரம் படித்தவள். கல்யாணம் ஆகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. அந்த ஆறு வருஷமும் நான் அவளைப் பேசியதெல்லாம் எழுதினால் கோவில் மலரில் இடம் போதாது. ஒன்று மட்டும் எழுதுகிறேன். "படிச்ச வயிறு. அதுக்கு எழுதத்தான் தெரியும், பெறத் தெரியாது" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். வேறு என்ன செய்வாள்? வளைகாப்பு வீடுகளுக்கு நான் போவேன், அவளைக் கூட்டிப்போக மாட்டேன். ஏழாம் வருஷம்தான் அம்மன் கண் திறந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் தோங் இருக்கும், மூடி போட்ட பெரிய டின் மாதிரி. சமையல் எண்ணெய் வந்தவை. இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் டாக்சிக்கு டீசல். இன்னொன்றில் புல் வெட்டும் மிஷினுக்குப் பெட்ரோல். எது எது என்று வசந்தா சிவப்புச் சாயத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள்.

ஆயுத பூசைக்கு வீட்டுச் சாமானெல்லாம் கழுவிப் பொட்டு வைப்போம் இல்லையா? அரிவாள், தையல் மிஷின், டாக்சி எல்லாம் முடிந்தது. நான் தோங்கையும் விடவில்லை. தேங்காய் நாரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அத்தை, எழுத்து போயிடுது. அப்புறம் எது எதுன்னு தெரியாது."

"என் வீட்டுச் சாமான் எனக்குத் தெரியாதா? நீ வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல அடுப்பு எரியலையா? போ, போய்ப் படு. படுக்கிறதுக்குத்தான் இப்ப உனக்குச் சாக்கு கிடைச்சிருக்கே."

போய்விட்டாள். உண்மை என்னவென்றால், அவள் எழுதியது இங்கிலீசில். தினமும் அதைத் தாண்டிப் போகும்போது எனக்குப் படிக்க வராது. அது என்னைக் குத்தும். சாயம் போகும் வரைக்கும் தேய்த்தேன். இரண்டு தோங்கிலும் ஒரே மாதிரி சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசை முடிந்ததும் எடுத்து வைத்தேன். எதை எங்கே வைத்தேன் என்று கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானச் சோறு உண்டு எழுந்தபோது வசந்தாவுக்கு வலி கண்டது. சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முந்தி. வண்டியில் டீசல் அடியில் கிடந்தது. குணா துணிப் பையை எடுக்க உள்ளே ஓடினான். "அம்மா, டீசல் ஊத்துங்கம்மா!" என்று கத்தினான்.

கைக்கு வந்த தோங்கைத் தூக்கினேன். புனலை வைத்து ஊற்றினேன். வாடை சுரீர் என்று மூக்கில் ஏறியது. டீசல் வாடை அப்படி இருக்காது, பிசுக்காக, கனமாக இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது, தாய்மார்களே. அம்மன் மேல் ஆணையாக வந்தது. வசந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அப்படிப் பேசிவிட்டு, இன்று அவளிடம் போய் இது எது என்று கேட்பதா? கடைசிச் சொட்டு வரை ஊற்றி, மூடியைத் திருகினேன்.

இரண்டு கல் தூரம் வண்டி ஓடியது. பிறகு இஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். வண்டி உலுக்கியது. வெள்ளைப் புகை. ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. குணா டீசல் டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

"பெட்ரோல்மா! தோங்க மாத்தி வச்சது யாரு?"

"என்னைக் கேக்கிறியா? உன் பொண்டாட்டிதான் அங்க உருட்டிக்கிட்டு இருந்தா. அவளைக் கேளு."

வாய் கூசாமல் சொன்னேன். பின்சீட்டில் பனிக்குடம் உடைந்து, ரத்தமும் கண்டு கிடக்கிறவளைக் காட்டிச் சொன்னேன். குணா பின்கதவை ஓங்கிக் குத்தினான். "ஒரு வேலைய உருப்படியா செஞ்சிருக்கியா நீ? சனியனே!" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வெயில் கொளுத்தியது. கார்கள் மெதுவாக வந்து, பார்த்துவிட்டு, வேகமாகப் போயின. அப்புறம் ஒரு டாக்சி நின்றது. மணியம். என் மகனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். இறங்கி வந்து பின்சீட்டைப் பார்த்தான். இரண்டு அடி பின்னால் போனான்.

"டேய் குணா, ரத்தம்டா. நேத்துதான் வண்டிக்குப் பூசை போட்டேன். தீட்டாயிடும்லா. நீ வேற ஆளைப் பாரு."

"மணியம், உன் கால்ல விழுறேன்டா."

"நான் டவுன்ல சொல்லி அனுப்புறேன்டா. கோவிச்சுக்காத."

போய்விட்டான். அவனைச் சபிக்க வாயெடுத்தேன், வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் அம்மனைக் கூப்பிட்டேன். தாயே, பால்குடம் எடுக்கிறேன், தீச்சட்டி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். வசந்தாவின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. அவள் கை சில்லிட்டது. நான் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசுகிற குரல். பாதியில் நிறுத்திவிட்டு மகன் பக்கம் திரும்பினேன்.

"குணா, அவ இல்லடா. நான்தான். எழுத்தை அழிச்சதும் நான், மாத்தி வச்சதும் நான். ஊத்தும்போதே எனக்கு வாடை தெரிஞ்சுச்சு."

வசந்தா கண்ணைத் திறந்தாள்.

"எனக்கும் வந்துச்சு அத்தை. ஜன்னல் வரைக்கும் வாடை வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?" என்று கதறினான் குணா.

"சொன்னா அத்தை ஏசுவாங்க. என் பிள்ளை வர்ற நேரத்துல அது காதுல அந்த ஏச்சு விழ வேணாம்னு..."

அவ்வளவுதான் சொன்னாள். தாய்மார்களே, ஒருத்தி சாவுக்குப் பயப்படவில்லை, என் வாய்க்குப் பயந்திருக்கிறாள். கொதிக்கிற தாரில் முட்டி போட்டேன். "தாயே, இந்த வாயை எடுத்துக்கோ. அந்த ரெண்டு உயிரை விட்டுடு." இதுதான் நான் செய்த பிரார்த்தனை. அதோடு நேர்த்திக்கடன் எதுவும் சொல்லவில்லை.

தலையைத் தூக்கினேன். ஒரு லோரி நின்றுகொண்டிருந்தது. பன்றி ஏற்றும் லோரி. சீனர் ஒருவர் இறங்கி வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. "செபாட்! நாயிக்!" என்று மலாயில் அதட்டினார். சீக்கிரம் ஏறச் சொல்கிறார். அவரும் குணாவும் வசந்தாவைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார்கள். எனக்கு அங்கே இடமில்லை. ஒன்பது நாள் விரதம் இருந்த நான், பின்னால் பன்றிக் கூண்டுகளுக்கு நடுவில், சாணியில் உட்கார்ந்து போனேன். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த மனிதர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

பெண் குழந்தை. நீலமாக வந்தது, பிறகு அழுதது. வசந்தாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். "அதை எடுக்கலன்னா ஆளே இல்ல அம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்று தமிழ் நர்ஸ் சொன்னாள். இரண்டு உயிர் கேட்டேன், அம்மன் இரண்டையும் கொடுத்தாள். பேத்திக்கு இனி அண்ணன் தம்பி, அக்கா தங்கை கிடையாது. அது என் கணக்கு. அம்மன் மேல் அதைப் போட மாட்டேன்.

நன்றி சொல்லத் திரும்பியபோது லோரி போய்விட்டிருந்தது. அந்தச் சீனர் பெயர் தெரியாது. அது அம்மன் அனுப்பிய லோரி. பன்றி லோரியை அம்மன் எப்படி அனுப்புவாள் என்று நம் கோவிலில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் வீட்டுப் பிரசவத்துக்கு அம்மன் தேரையே அனுப்பட்டும், சந்தோஷம்.

மூன்றாம் நாள் வார்டில் வசந்தாவின் காலைப் பிடித்தேன். என்னை மன்னிச்சிடும்மா என்றேன். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "பிள்ளைக்குப் பால் குடுக்கணும் அத்தை. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றாள். திரும்பி உட்கார்ந்தேன்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. கொடுத்த வாயை நான் திரும்ப வாங்கவில்லை. வீட்டில் யாரையும் ஏசியதில்லை. கோபம் வந்தால் கொல்லைப்புறம் போய்விடுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிவிட்டேன், பேத்தியிடம்கூட. குழாயடிப் பெண்கள் இப்போது என் காதுபடவே 'பன்றி லோரிப் பாட்டி' என்கிறார்கள். சொல்லட்டும்.

தாய்மார்களே, நம்பி வாருங்கள். அவள் கேட்பாள், நான் கண்டவள். ஆனால் பால்குடத்தையும் தீச்சட்டியையும் முதலில் நீட்டாதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள். யாருக்குச் செய்தீர்களோ அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் வசந்தாவும் நானும் ஒன்றாகத்தான் வருகிறோம். மன்னித்தேன் என்று அவள் இன்று வரை சொல்லவில்லை. சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நிற்பாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று நானும் கையெடுக்கிறேன். தாயே, இவள் கேட்கிறது எதுவானாலும், அது என்னைப் பற்றியதே ஆனாலும், கொடுத்துவிடு.